காளானுக்குச் சாம்பிள் எடுத்த மழைக்காலம்

எதிர் வீட்டுக் கவிதா தினமும் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இருட்டின பிறகு திரும்புகிறவள். போன ஞாயிற்றுக்கிழமை செல்போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஏதோ ஒரு மலையூரில் போதைக் காளான் தேடி வெளியூர் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்களாம். அறை வாடகை ஏறிவிட்டதாம். உள்ளூர்க்காரர்களே காளான் பறித்து விற்கிறார்களாம். போலீஸ் வேறு சுற்றுகிறதாம்.

"நம்ம ஊர்ல இந்தக் கூத்தெல்லாம் கிடையாது மாமா. தங்கம் தீந்துச்சு, கதையும் தீந்துச்சு" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "யாரும்மா சொன்னது? அவங்கல்லாம் இப்பதான் பாக்கறாங்க. நாங்க எப்பவோ பாத்தாச்சு. காளானைப் பாத்துட்டுத் தங்கம்னு நெனச்சிக் குழி தோண்டின ஊரு ஒலகத்துலயே நம்ம ஊர் ஒண்ணுதான்" என்றேன்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததாக அவள் மாமியார் பிறகு வந்து என்னிடம்தான் சண்டை பிடித்தார். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் நான் பார்த்தது சாம்பிள் வேலை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குகிறவன், பாறையில் துளை போட ட்ரில் பிடிக்கிறவன், வெடி வைக்கிறவன் எல்லோரையும் ஊருக்குத் தெரியும். எங்களை அவ்வளவாகத் தெரியாது. பாறைக்குள் தங்கம் ஓடுகிற பட்டைக்கு ரீஃப் என்று பெயர். அந்த ரீஃபில் தங்கம் எவ்வளவு இருக்கிறது, மேற்கொண்டு தோண்டலாமா, விட்டுவிடலாமா என்று பார்ப்பதற்காகக் கல்லைக் கொத்திக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள். மெட்ரிக் முடித்துவிட்டு அறுபதுகளில் சேர்ந்தேன். முதல் வருடம் பை தூக்கினேன். இரண்டாம் வருடம் சுத்தியும் உளியும் பிடித்தேன். மூன்றாம் வருடம் இடது கட்டைவிரல் நசுங்கியது. அதோடு பயிற்சி முடிந்ததாகச் சொல்லிவிட்டார்கள்.

வேலை முறை இதுதான். முதலில் பாறை முகத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். பிறகு ரீஃபுக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் ஒரே அகலம், ஒரே ஆழம் வருகிற மாதிரி கொத்திக்கொண்டே போக வேண்டும். கெட்டியான இடத்தில் சோம்பல்பட்டுக் கொஞ்சமாகவும், பொடிகிற இடத்தில் தாராளமாகவும் கொத்தினால் எல்லாம் போச்சு. கீழே ஒருவன் கித்தான் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு சில்லு வெளியே தெறித்தாலும் தேடிப் பொறுக்க வேண்டும். எல்லாவற்றையும் துணிப் பையில் போட்டு, உள்ளே நம்பர் டேக் வைத்து, வாயைக் கட்டி, கொத்தினவனே தன் கையால் மேலே கொண்டுபோய் ஆபீஸில் கொடுக்க வேண்டும். டேக் போட்ட பை நடுவில் கை மாறக் கூடாது. கேஜ் ஏறி இறங்குகிற ஷாஃப்டில் எவ்வளவு நெரிசலானாலும் சாம்பிள் பைக்காரனுக்கு கேஜில் முதல் இடம் விட்டுவிடுவார்கள்.

மேலே அந்தக் கல்லை இடித்து, குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை எடுத்து, மறுபடி நாலாகப் பிரித்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சுகிற ஒரு பிடி மாவை ஈய மருந்தோடு மூசை என்கிற மண் குவளையில் உருக்குவார்கள். ஈயம் தங்கத்தை இழுத்துக்கொண்டு அடியில் போய் நிற்கும். அந்த உருண்டையை எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்துக் காய்ச்சினால் ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும். மிச்சம் இருப்பது ஊசிமுனை அளவு ஒரு மணி. அதையும் கழுவிச் சுத்தம் செய்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தராசில் நிறுப்பார்கள். அப்போது யாரும் மூச்சுகூட விட மாட்டோம்.

எங்களுக்கு மேலே இருந்தவர் வரதன் சார். நாற்காலி இருந்தும் உட்கார மாட்டார். பை தூக்குகிற ஆளைக்கூட மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார், திட்டும்போதும் அப்படித்தான். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தாலே நாங்கள் வேலை இருக்கிற மாதிரி நகர்ந்துவிடுவோம். எந்த லெவலில், அதாவது எந்த ஆழத்தில், எவ்வளவு வேல்யூ, அதாவது கல்லில் எவ்வளவு தங்கம் என்று வெளியே தெரிந்தால் திருட்டுக் கை நீளும் என்பதால் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். நான் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்:

"மிஸ்டர் கோவிந்தசாமி, நம்ம டிபார்ட்மெண்ட்ல பொய் சொல்ல மாட்டோம். உண்மையையும் சொல்ல மாட்டோம்."

இதனால் லைனில் என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. லைன் என்றால் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் நூறு என்பார்கள். வேலை முடிந்து வரும்போதே ஆளாளுக்கு மறிப்பார்கள். "இன்னாபா கோவிந்தா, கீழ் லெவல்ல எப்டி கீது?" என்பார்கள். "தெரியாது" என்பேன். தெரியாது என்று டக்கென்று சொன்னால் ரீஃப் நன்றாக இருக்கிறது, இழுத்துச் சொன்னால் சுமார், எரிந்து விழுந்தால் அபாரம் என்று அவர்களாகவே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். மொத்தத்தில் சாம்பிள்காரன் இல்லை என்றால் இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்குதான் பிறகு எங்களை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது.

பக்கத்து வீட்டில் ஏழுமலை அண்ணன். ட்ரில் பிடிக்கிறவர். தோளைப் பார்த்தால் பயமாக இருக்கும், பேச்சைக் கேட்டால் குழந்தை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டு விடவில்லை. நெஞ்சில் கல் தூசி அடைந்திருக்கிறது, இனி கீழே இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே இறங்காத ட்ரில்லருக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்கு லைன் வீடு இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும். மேலே ஏதாவது ஒரு சின்ன வேலை கிடைத்தால் வீடு தங்கும். அதற்காக அவர் ஏறாத ஆபீஸ் படி இல்லை. எங்கேயும் இடம் இல்லை என்றார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள்.

முதலில் மூன்று பேர். பங்காருபேட்டையில் வண்டி மாறி எங்கள் ஊர் ஸ்டேஷனான மாரிகுப்பத்தில் வந்து இறங்கினார்கள். தோள் வரைக்கும் முடி, காலில் செருப்பு இல்லை, முதுகில் மூட்டை. ஐம்பத்தாறில் மைசூர் சர்க்கார் சுரங்கத்தை எடுத்துக்கொண்ட பிறகு துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வெள்ளைக்காரன் வருவது அபூர்வம். அழுக்குச் சட்டையோடு வருவது அதைவிட அபூர்வம். அதனால் எல்லோருக்கும் பார்த்தவுடனே புரிந்துவிட்டது: இது வேஷம்.

அவர்கள் செய்த காரியம் அப்படி. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டின கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டுக்கு அந்தப் பக்கம், சுரங்க வேலிக்கு வெளியே ஒரு மேய்ச்சல் நிலம் உண்டு. பால்கார ராஜம்மாவின் மாடுகள் அங்கேதான் மேயும். மழை விட்ட காலை நேரத்தில் இந்த மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு, பத்தடிக்கு ஒருவராக வரிசை பிடித்து நடந்தார்கள். திடீரென்று ஒருவன் உட்காருவான். எதையோ கிள்ளி எடுப்பான். ஒடித்துப் பார்த்துவிட்டுக் காத்திருப்பான். தாடி வைத்த ஒருவன் பையிலிருந்து லென்சு எடுத்துப் பார்ப்பான். பிறகு காகிதப் பொட்டலத்தில் போட்டு, மேலே ஏதோ எழுதிக்கொள்வான்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், இது சாம்பிள் எடுக்கிற வேலை என்று. ஒடித்துவிட்டுக் காத்திருக்கிறானே, அது ஆசிட் டெஸ்ட். துரைமார்கள் போகும்போது நல்ல ரீஃப் ஒன்றைச் சொல்லாமல் மூடிவைத்துவிட்டுப் போனார்கள், இப்போது மகன்கள் வந்து தேடுகிறார்கள். இரண்டு நாளில் லைன் முழுக்க இதே பேச்சு. தாடிக்காரனுக்கு லென்சு துரை என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஏழுமலை அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "தம்பி, நீ வாயைத் தொறக்க வேணாம். நா கேக்கறேன், நீ தலைய மட்டும் ஆட்டு. அங்க கீதா?" என்றார்.

"அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது."

"போதும்" என்று எழுந்துவிட்டார். அவருடைய திட்டம் எளிமையானது. புது ரீஃபைக் காட்டிக் கொடுத்தவனைக் கம்பெனி கைவிடாது. அந்த இடத்துக்கே காவல்காரனாகவாவது போட்டுவிடும். வீடு தப்பும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை மேய்ச்சல் நிலத்துக்குப் போய் லென்சு துரையிடமே கேட்டேன். சுரங்கத்து இங்கிலீஷ் எனக்குக் கை கொடுத்தது. அவன் சந்தோஷமாகப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினான். உள்ளே பழுப்புத் தலையோடு நாலைந்து காளான். பழைய மாட்டுச் சாணத்தில் முளைப்பது. ஒடித்தால் காம்பு மெல்ல நீலமாக மாறும், அப்படி மாறினால்தான் சரக்கு சரி என்றான். அதைத் தின்றால் சுவர் மூச்சு விடுமாம், புல் பாடுமாம், கடவுள் பக்கத்தில் வந்து உட்காருவாராம். அவன் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓடாத குறையாக லைனுக்கு வந்து, குழாயடியில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"தங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாணிக் காளான். போதைக்குத் திங்கறானுங்க."

குழாயடியில் எல்லோரும் குடத்தை இறக்கிவைத்தார்கள். பிறகு ஒருவர் கண்ணடித்தார். இன்னொருவர் என் முதுகில் தட்டி, "சரிப்பா, காளானு. நாங்க நம்பிட்டோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்குள் போனால் என் மனைவி சரோஜா கதவைச் சாத்திவிட்டு, "ஊருக்குச் சொல்றத எனக்கும் சொல்லாத. எங்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லு" என்றாள். கட்டின பெண்டாட்டியே நம்பவில்லை என்றால் ஊரை என்ன சொல்வது?

பத்து நாளில் மூன்று பேர் முப்பது பேரானார்கள். எங்கேயோ கடற்கரையில், மலையில் திரிந்தவர்களுக்கெல்லாம் சேதி போயிருக்கிறது. மாலை வண்டி வந்தால் ஸ்டேஷனில் திருவிழா மாதிரி கூட்டம். ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் முட்டையும் தேனும் கிடைக்கவில்லை. தேனில் குழைத்துத்தான் அவர்கள் காளானைச் சாப்பிடுவார்கள். டீக்கடையில் காளான் ஆம்லெட் போட ஆரம்பித்தார்கள். லைனில் ஒரு குடும்பம் சமையலறைக்கு ஜாகை மாற்றிக்கொண்டு முன்னறையை இரண்டு வெள்ளைக்காரிகளுக்கு விட்டது. எங்கள் வாலிபர்கள் சிலர் முடி வளர்த்தார்கள். அவர்களில் ஒருவன் காளானைத் தின்றுவிட்டு ஷிப்டுக்கு வந்து, கேஜ் வாசலில் நின்றுகொண்டு சிரிப்பை நிறுத்த முடியாமல் தவித்தான். நல்லவேளை, கேஜ் வாசல்காரர் பார்த்துவிட்டு அவனை இறங்கவிடாமல் பிடித்து வெளியே உட்கார வைத்தார். அன்றைக்கு அவன் இறங்கியிருந்தால் அவனோடு எத்தனை பேர் போயிருப்பார்களோ.

ராஜம்மா அக்காவுக்குத்தான் பெரிய தொல்லை. அவர் தெலுங்குக்காரர், தமிழில் திட்டுவதற்குச் சொல் போதாமல் தெலுங்குக்குத் தாவுவார். இந்த வெள்ளைக்காரர்கள் அவருடைய மாடுகளுக்கு மாலை போட்டார்கள், மாட்டின் பின்னாலேயே பக்தியோடு நடந்தார்கள். "நா ஆவுக்கு, எம் மாட்டுக்குப் பின்னாடி நாப்பது பேரு. அது பயந்துகிட்டு சாணியே போட மாட்டேங்குது" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். பால் குறைந்து, லைன் குழந்தைகளுக்கே தட்டுப்பாடு வந்தது.

ஆனால் இவ்வளவு நடந்தும் லைனில் யாரும் மனம் மாறவில்லை. இவ்வளவு வெள்ளைக்காரர்கள் காளானுக்காகவா வருவார்கள்? ஆம்லெட் எல்லாம் கண்துடைப்பு. அப்போது ஏழுமலை அண்ணனும் அவர் கூட்டாளிகளும் அந்த மேய்ச்சல் நிலத்திலேயே தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதைப் பார்க்க வேண்டுமே. சுரங்கத்துக்காரன் தோண்டினால் சும்மா தோண்ட மாட்டான். வாய்க்கு மரச் சட்டம் போட்டு, உருளை கட்டி, வாளியும் கயிறும் இறக்கி, மாட்டு மணி ஒன்றைக் கட்டி அடிக்கிற முறையும் வைத்தார்கள். ஆள் ஏறுவதற்கு ஒரு கணக்கு, வாளி ஏறுவதற்கு ஒரு கணக்கு. ஷிப்டு முடிந்தவர்கள் முறைவைத்து வந்தார்கள். பெண்கள் சோறு கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து கைதட்டினார்கள். அவர்கள் இதை ஏதோ பூஜை என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு துடிப்பு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே மட்டும்தான் மரம். கீழே முட்டுக் கொடுக்கக் கட்டை இல்லை. மழை ஊறிய மண். பாறையில் வேலை செய்து பழகினவர்களுக்கு மண்ணைப் பற்றிப் பயம் இல்லை. ஏழுமலை அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிவிட்டு, மறுபடி இறங்குவார். வேண்டாம் அண்ணே என்று எத்தனையோ தடவை சொன்னேன். "நீ வேணாம்னு சொல்லச் சொல்ல எனக்குத் தெம்பா கீது தம்பி" என்றார்.

இந்த விஷயம் வரதன் சார் காதுக்குப் போனது. கூப்பிட்டு அனுப்பினார். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் கோவிந்தசாமி, நம்ம ஆபீஸ் பேரைச் சொல்லி வெளியில ஒரு ஷாஃப்ட் ஓடுதாமே?"

நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். நான் உண்மையைச் சொன்னாலும் ஊர் நம்பவில்லை என்றதும் அவர் துடைப்பதை நிறுத்தினார். சிரித்தாரா என்று தெரியவில்லை, உதடு கொஞ்சம் அசைந்தது. "ஞாயிற்றுக்கிழமை நான் வர்றேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார்: வெள்ளை பேண்ட், குடை, கையில் மண் அலசுகிற இரும்புத் தட்டு. அவரைக் கண்டதும் கூட்டம் விலகி வழிவிட்டது. ஊரே வந்திருந்தது. மேல் மண்ணில் ஒரு பிடி எடுத்தார். ராஜம்மா அக்காவின் வாளித் தண்ணீரில் தட்டை முக்கி, சுழற்றிச் சுழற்றி மண்ணை வெளியே தள்ளினார். கடைசியில் தட்டின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு மஞ்சள் கோடு நின்றது.

கூட்டம் போட்ட சத்தத்தில் மாடுகள் மிரண்டன. ஏழுமலை அண்ணன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

வரதன் சார் மட்டும் அசையவில்லை. குழியின் அடியிலிருந்து ஒரு பிடி கொண்டுவரச் சொன்னார். அதே தண்ணீர், அதே சுழற்றல். தட்டில் ஒன்றும் இல்லை. மறுபடி வேறு மூலையிலிருந்து ஒரு பிடி. ஒன்றும் இல்லை.

"மேலே இருக்கு, கீழே இல்லை" என்றார். "ரீஃப் மேலே மட்டும் இருக்குமா? நம்ம மேட்டுத் தூசி காத்துல பறந்து வந்து இங்க படிஞ்சிருக்கு. இது ஏற்கெனவே நாம எடுத்து அரைச்ச தங்கத்தோட மிச்சம்."

சுரங்கத்துக்காரர்களுக்கு இது புரியாமல் இருக்காது. முகங்கள் தொங்கின. ஆனால் ஏழுமலை அண்ணன் விடவில்லை. "அப்ப அவனுங்க இன்னாத்துக்கு சார் சாம்பிள் எடுத்தானுங்க?" என்றார்.

வரதன் சார் லென்சு துரையைக் கூப்பிட்டு இங்கிலீஷில் கேட்டார். அவன் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். ஊர் முழுக்க எட்டிப் பார்த்தது. காளான்.

"இதுக்கா?" என்றார் ஏழுமலை அண்ணன். "இதுக்கா நா தோண்டினேன்?" பொட்டலத்தைப் பிடுங்கினார். அத்தனையும் வாயில் போட்டுக் கசக் கசக்கென்று மென்று விழுங்கிவிட்டு, யார் தடுத்தும் கேட்காமல் கயிற்றைப் பிடித்துக் குழியில் இறங்கிவிட்டார். லென்சு துரை வெளிறிப்போய், அது ரொம்ப அதிகம், ரொம்ப அதிகம் என்று என் கையைப் பிடித்து உலுக்கினான்.

கொஞ்ச நேரம் உளிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மணி அடித்தது. விடாமல் அடித்தது. அப்படி ஒரு கணக்கே கிடையாது.

"ரீஃப்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "டேய், ரீஃப்டா. சொவரு முச்சூடும் கீதுடா. மின்னுதுடா."

வரதன் சார் சொன்னதை ஒரு நொடியில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஊர் அப்படியே குழியை நோக்கிச் சாய்ந்தது. ஈர மண். ஓரம் விரிந்து ஒரு கட்டி உள்ளே விழுவதை என் கண்ணால் பார்த்தேன். இன்னும் நாலு பேர் மிதித்தால் அவர் மேலேயே எல்லாம் சரிந்துவிடும். நான் கத்தினேன், வரதன் சார்கூடக் கத்தினார், வாழ்க்கையில் முதல் தடவையாக. யாருக்கும் காதில் விழவில்லை. அப்போது ராஜம்மா அக்கா ஒரு காரியம் செய்தார். தன் மாடுகளை மொத்தமாக ஓட்டிக்கொண்டு, தெலுங்கில் ஏதேதோ கத்திக்கொண்டு, கூட்டத்துக்கும் குழிக்கும் நடுவில் விட்டார். கொம்புக்கு முன்னால் எவன் நிற்பான்? கூட்டம் பின்னால் போனது. அந்த இடைவெளியில் நான் சுண்ணாம்புக் கட்டியும் டேக்கும் கிடந்த என் சாம்பிள் பையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றில் இறங்கினேன்.

கீழே ஏழுமலை அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். கண் இரண்டும் விரிந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர். "பார்றா தம்பி, பார்றா" என்றார். நான் பார்த்தது சேறு. அவர் அடிச் சுவரை உளியால் குடைந்துகொண்டே போயிருந்தார். மேலே வாங்க என்று இழுத்துப் பார்த்தேன். அந்தத் தோளை யார் அசைக்க முடியும்? ரீஃபை விட்டுட்டு வர மாட்டேன் என்று உளியை ஓங்கினார். மண் என் தலையில் உதிர்ந்தது.

அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். சுண்ணாம்புக் கட்டியை எடுத்து அந்தச் சேற்றுச் சுவரில் குறுக்கே ஒரு கோடு போட்டேன். மண்ணில் எங்கே பிடிக்கும்? போடுவது மாதிரி போட்டேன்.

"அண்ணே, மொறப்படி எடுப்போம். எங்க கீதுன்னு காட்டுங்க" என்றேன்.

அவர் உடனே நிதானத்துக்கு வந்த மாதிரி நின்றார். விரலால் காட்டினார். ஒரே அகலம், ஒரே ஆழம், நான் கொத்தினேன். அவர் தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கீழே ஏந்திக்கொண்டார். ஒரு உருண்டை சிதறியதும் குனிந்து பொறுக்கிப் போட்டார். பையில் கொட்டி, டேக் வைத்து, வாயைக் கட்டி அவர் கையில் கொடுத்தேன்.

"கண்டுபிடிச்சவரு நீங்க. நீங்கதான் எத்துகினு போயி ஆபீஸர் கையில குடுக்கணும். நடுவுல கை மாறக் கூடாது."

ஆமாம் என்று தலையாட்டினார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஏறப் போகிறவர் திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, வேல்யூ எப்டி?"

மேலேயிருந்து ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. வரதன் சாரும் நின்றார். நான் வாயைத் திறந்தேன்.

"நல்ல வேல்யூ அண்ணே. இது மாதிரி வேல்யூ எந்த லெவல்லயும் நா பாத்ததில்ல."

அவர் சிரித்துக்கொண்டே கயிற்றில் ஏறினார். பின்னாலேயே நான் ஏறினேன். எங்கள் கால் வெளியே வந்து நாலு எட்டு வைப்பதற்குள் அடிச் சுவர் உட்கார்ந்து, குழி பாதிக்கு மேல் மூடிக்கொண்டது.

ஆனால் ஊர் குழியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது. சாம்பிள்காரன் வாய் திறந்து வேல்யூ சொல்லிவிட்டான். அதுவும் நல்ல வேல்யூ என்று ஊரறியக் கூவிவிட்டான். முதலில் ஒருவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "போங்கபா, ஒண்ணும் இல்ல. இருந்தா இவன் சொல்வானா?" என்றார். அவ்வளவுதான். உருளையைக் கழற்றினார்கள், கயிற்றைச் சுருட்டினார்கள், ஆளாளுக்கு நடையைக் கட்டினார்கள். இத்தனை நாள் சத்தியம் பண்ணி நான் சாதிக்க முடியாததை ஒரே ஒரு பொய் சாதித்துவிட்டது.

ஏழுமலை அண்ணன் நேராக வரதன் சாரிடம் போய்ப் பையை நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கி, டேக்கைச் சரிபார்த்து, "தேங்க் யூ மிஸ்டர் ஏழுமலை" என்றார். பிறகுதான் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். லென்சு துரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான். அவன் கெட்டவன் இல்லை. இப்படி ஆகும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் காலை அண்ணனுக்குத் தலை தெளிந்தது. அதன்பிறகு போலீஸ் வந்து ஸ்டேஷனிலேயே விசாரிக்க ஆரம்பித்ததும், மழையும் நின்றதும் வெள்ளைக்காரர்கள் கரைந்து போனார்கள். எங்கள் லைனில் மட்டும் இரண்டு மூன்று மழைக்கு யாரும் காளானே தொடவில்லை. வழக்கமாக ஆசையாகப் பறித்துக் குழம்பு வைக்கிற புற்றுக்காளான்கூடப் புற்றிலேயே அழுகியது. ராஜம்மா அக்கா குழியைத் தூர்த்துவிட்டு மாட்டை மேயவிட்டார்.

அந்தப் பையை வரதன் சார் இடித்து, பிரித்து, மூசையில் வைத்து, முறைப்படி பார்த்தார். டேக் போட்டு வந்ததைப் பார்க்காமல் விடக் கூடாது என்பது அவர் கொள்கை. முடிவை யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் அதே வாரம் ஆபீஸில் பை வாங்கி அடுக்குகிற இடத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்று மேலே பேசி, ஏழுமலை அண்ணனின் பெயரைச் சொல்லியிருக்கிறார். நெஞ்சு சரியில்லாத ஆள் எதற்கு என்று மேலே கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எங்கள் இலாகா முழுக்கப் பரவியது.

"தலை சுத்தற போதையிலயும் அவர் பையைக் கைமாத்தலை. இந்த மாதிரி ஆள் என்கிட்ட வேற யாரும் இல்லை."

வீடு தப்பியது. என் மனைவி அன்றைக்கு லைனுக்கே கேசரி கிண்டினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் என் வேலைக் காலத்தில் வேறு இல்லை.

அண்ணன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். தராசு அறையில் ஒரு தங்க மணியை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று வெகு நேரம் எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்.

"நா ட்ரில் புடிச்ச காலத்துல எங்கப்பா இருந்தாரு, எங்க மாமன் இருந்தாரு. மூணு பேரும் தோண்டினோம். தங்கத்தக் கண்ணால பாத்ததில்ல தம்பி. கல்லுதான் பாத்தோம். அன்னிக்கி அந்தக் குழில பாத்தேன் பாரு, அதான் மொத தடவ."

நான் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தராசுக்கு முன்னால் நிறுத்தினேன். வரதன் சார் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டார். ஏழுமலை அண்ணன் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதாண்ணே."

"அன்னிக்கி குழில எனக்குத் தெரிஞ்சது இதவிடப் பெரிசு" என்று சொல்லிவிட்டு, பை அடுக்கப் போய்விட்டார்.